தேளைச் சுற்றி இருபத்தொரு புள்ளிகள்

என்னிடம் நாற்பத்து மூன்று பச்சைகுத்துப் படங்கள் இருக்கின்றன. போன மாதம் வரை நாற்பத்து நான்கு இருந்தன.

பண்டாரவளையில் புதிதாக அச்சுப்படப் பட்டறை தொடங்கியிருக்கும் நீங்கள் உங்கள் முதல் கைநூலுக்கு ஒரு கட்டுரை கேட்டீர்கள். "ஐயா, இப்ப கம்பியூட்டர்ல அடிச்சி, அம்பதுல ஒண்ணுன்னு நம்பர் போட்டு விக்கிறாங்க. அசல எப்புடிக் கண்டுபுடிக்கிறதுன்னு எழுதிக் குடுங்க" என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ஒப்புக்கொண்டேன். எழுதுவதற்கு முன் பெட்டியைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்றாவதாகக் கையில் வந்த படத்தைப் பார்த்ததும், அசலைப் பற்றி எழுத எனக்கு வாய் இல்லை என்று தெரிந்தது. நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். கேட்காததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையின் மகனாகப் பிறந்தேன். பதுளையில் உயர்தரம் படித்தேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. நகரில் ஜவ்பர் மொதலாளியின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தேன். கல்யாண அட்டை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. முதல் இருபது வருடங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் தோட்டத்திலிருந்து ஒரு பெண் தன் மாமனாரின் அஞ்சலி நோட்டீஸ் அடிக்க வந்தார். மேசையில் கையை ஊன்றிப் பேசினார். மணிக்கட்டில் ஒரு மயில். பெரிய எழுத்துகளை மரத்தில் செதுக்கிப் பழகியவர் எங்கள் மொதலாளி. நோட்டீஸை மறந்துவிட்டார்.

"இந்த மயில யாரு கீறினது?"

"கீறலீங்க மொதலாளி, குத்தினது. ஊசியில."

"இத நான் பலகையில வெட்டட்டுமா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "மொதலாளிக்கு உடம்புக்கு ஏதுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மயில் பதினைந்து பிரதிகள் அச்சானது. எல்லவுக்குப் போகும் வழியில் அச்சகத்தில் நின்ற ஒரு வைத்தியர் ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினார். அதைப் பார்த்தவர்கள் தேடி வந்தார்கள். அதன் பின் வருடத்துக்கு மூன்று நான்கு படங்கள் செய்தோம். தேர், மீன், ஊஞ்சல், இரட்டைக் கிளி, ஒரு கிழவரின் தோளில் இருந்த அனுமார். ஒவ்வொன்றும் ஒரு தோட்டத்து உடம்பிலிருந்து வந்தது. நேற்று வரை கொழுந்துக் கூடைக் கயிற்றுக்குக் கீழே கறுத்துக் கிடந்த ஒரு கோடு, வெள்ளைக் காகிதத்தில் கன்னங்கரேலென்று எழுந்து நிற்கும். ஐம்பது வயதை நெருங்கிய மனிதன், பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

எண் போடும் முறையை மொதலாளி கண்டிப்பாக வைத்திருந்தார். எத்தனை பிரதி என்பதை முதலிலேயே முடிவு செய்வார். படத்தின் கீழே இடது பக்கம் பென்சிலால் எண், வலது பக்கம் கையெழுத்து, மூலையில் மை இல்லாத அழுத்த முத்திரை. முதல் பிரதி, யாருடைய உடம்பில் இருந்ததோ அவருக்கு. கடைசிப் பிரதி மொதலாளிக்கு. கணக்கு முடிந்ததும் உளியால் பலகையின் குறுக்கே இரண்டு வெட்டு. அதற்குப் பிறகு அந்தப் பலகையில் யார் அச்செடுத்தாலும் அந்த இரண்டு வெட்டும் வெள்ளைக் கோடுகளாக விழும். நீங்கள் அசலைத் தேடுகிறவர்கள் என்றால் முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் தடவுங்கள். பலகை அழுத்திய மேடு விரலில் தட்டுப்படும். கம்பியூட்டர் படத்தில் அது இருக்காது.

நான் சேகரிப்பாளன் ஆனது இந்த முறையால்தான். எண் போடுவதற்கு முன் எடுக்கும் சோதனைப் பிரதிகளில் ஒன்று எனக்கு. அச்சாளருக்கு உரிய வழக்கம் அது. அப்படி ஒன்றுகூட விடாமல் சேர்த்தேன். ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டியில் வைத்தேன். அப்புத்தளைப் பனியில் சுவரில் மாட்டினால் இரண்டே மழைக்காலத்தில் காகிதம் பூஞ்சணம் பிடித்துவிடும். பெட்டிக்குள் இன்றைக்கும் நேற்று அடித்தது போல இருக்கின்றன.

இனி ராமாயி அக்காவைப் பற்றி.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் எல்லவில் ஒரு தங்குமிடத்தில் வேலை செய்தாள். எங்கள் படம் ஒன்றை அங்கே பார்த்துவிட்டு, பதுளைக்குக் கிளினிக் வந்த தாயை அச்சகத்துக்குக் கூட்டி வந்தாள். அக்கா இடது கையின் துணியை விலக்கினார். மொதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

முழங்கை முதல் மணிக்கட்டு வரை ஒரே கோலம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத நான்கு வரி. அதற்குள் புள்ளிகளாலான வட்டம். வட்டத்துக்குள் வாலைத் தூக்கிய தேள். வால் சாதாரணக் கோடு இல்லை. கடுகை விடச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அதைப் போல ஒன்றை நாங்கள் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

படியெடுக்க ஒரு முழு நாள் ஆனது. கை உருண்டை. காகிதம் தட்டை. ஒரே தாளில் எடுத்தால் தேள் அகன்று நண்டு போலாகிவிடும். மொதலாளி மெல்லிய தாளை மூன்று கீற்றாக வெட்டினார். பெண்ணின் கையை அவர் பிடிக்க மாட்டார். தாளை அக்காவே பிடித்துக்கொள்ள, மகள் பென்சிலால் தொட, மொதலாளி ஒரு முழம் தள்ளி நின்று, "இன்னும் கொஞ்சம் திருப்புங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"குத்தினவகூட இவ்வளவு நேரம் எடுக்கல மொதலாளி" என்றார் அக்கா. "அவ ஒரு வெத்தல போடுற நேரத்துல முடிச்சிட்டா. நான் கத்தின கத்துல தொர பங்களா நாயெல்லாம் கொலைச்சிச்சி."

"வலிச்சா சொல்லுங்க" என்றார் மொதலாளி, பென்சிலைப் பார்த்து.

அக்கா சிரித்த சிரிப்பில் மூன்று கீற்றும் நகர்ந்துவிட்டன. முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

வேலை முடிந்ததும் அக்கா கேட்டார்: "எத்தன அடிப்பீங்க?"

"முப்பது."

"வேணாம். தேளச் சுத்தி எத்தன புள்ளின்னு எண்ணுங்க."

எண்ணினோம். இருபத்தொன்று.

"அத்தனதான். குத்தினவ சொல்லிட்டுத்தான் போனா. ஒரு புள்ளி கொறஞ்சாலும் கூடினாலும் வட்டம் நிக்காது, தேளு வெளிய வந்துரும். சோதனைக்கு எடுக்கிறதையும் என் கண் முன்னால எரிச்சிடணும்."

மொதலாளி ஒப்புக்கொண்டார். கடைசியில் பலகையில் இரண்டு வெட்டுப் போடும் வழக்கத்தையும் சொன்னார். அக்காவின் முகம் மாறியது.

"என் கையில கத்தி வைக்கிறதா? பலகைய முழுசா என்கிட்ட குடுத்திருங்க."

மொதலாளி வெகுநேரம் யோசித்தார். பிறகு அதற்கும் தலையசைத்தார். எங்கள் அச்சகத்தில் வெட்டுப் படாமல் வெளியே போன பலகை அது ஒன்றுதான்.

செதுக்க நான்கு மாதம் ஆனது. அச்சு இரண்டு நாள், வியாழனும் வெள்ளியும். முந்திய நாளே காகிதத்தை ஈரத் துணிகளுக்கு இடையில் வைத்துப் பதப்படுத்துவோம். மை உருளையை இரண்டே தடவை ஓட்ட வேண்டும். மூன்றாவது தடவை ஓட்டினால் வால் புள்ளிகள் அடைத்துப்போகும். அழுத்தி எடுத்ததும் மொதலாளி தாளின் இரண்டு மூலையைப் பிடித்து உரிப்பார். ஈரத்தில் ஒட்டிய இலையைப் பிய்ப்பது போல ஒரு சத்தம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை, பூதக்கண்ணாடியில் ஒரு முறை பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டு, புதுத் தாளுக்காகக் கையை நீட்டுவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

வியாழன் காலை அக்காவும் மகளும் வந்திருந்தார்கள். சோதனைப் பிரதிகள் மூன்றும் அவர்கள் கண் முன்னால் எரிந்தன. வழக்கமாக எனக்கு வரும் பிரதி சாம்பலானதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெட்டியில் எல்லாம் இருக்கும், இது ஒன்று மட்டும் இருக்காது. அன்று அந்த எண்ணம் பல்லில் சிக்கிய நார் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

மரப்பலகைக்கு ஒரு குணம் உண்டு. முதல் பத்துப் பிரதிகள் வரை அது மையைக் குடிக்கும். அதற்குப் பிறகு குடிப்பதை நிறுத்திக் கொடுக்கத் தொடங்கும். வெள்ளிக்கிழமை இருபத்தொன்றாவது பிரதியை உரித்தபோது அந்தப் பலகை பொங்கிக்கொண்டிருந்தது. மொதலாளி எண் போட்டார், முத்திரை அழுத்தினார், கை கழுவினார், ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். "பலகையத் தொடச்சி வை ராஜா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் துடைக்கவில்லை. கதவைச் சாத்தினேன். அலமாரியில் நாங்கள் கை வைக்கத் தயங்கும், கையால் செய்த விலை கூடிய மெல்லிய கைக்காகிதம் இரண்டு தாள் இருந்தது. ஒன்றை எடுத்தேன். உருளையை இரண்டு தடவை ஓட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் எதையும் செய்ததில்லை. உரித்தேன்.

அதை எப்படிச் சொல்வது? வாலில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நின்றது. மெல்லிய காகிதத்தில் கறுப்பு ஆழமாக இறங்கி, தேள் தாளின் மேல் இல்லாமல் தாளுக்குள் இருந்து மூச்சு விடுவது போல இருந்தது. வாய் விட்டுச் சிரித்தேன். இருபத்தொன்றில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் நிற்க முடியாது. சாமான் அறையில் காயவைத்து, இரண்டு கல்யாண அட்டை மட்டைகளுக்கு நடுவில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பலகையைத் துடைத்து வைத்தேன். மாலையில் மொதலாளி அதில் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி அக்காவின் மகளிடம் கொடுத்தார்.

சில வருடங்கள் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் காட்டாத சேகரிப்பு சேகரிப்பவனைத் தின்றுவிடும். எல்லவில் தங்குமிடம் நடத்தும் ஒருவர் எங்கள் படங்களை வாங்குகிறவர். ஒரு ஞாயிறு என் பெட்டியைப் பார்க்க வந்தார். நாற்பத்து மூன்றையும் காட்டினேன். "அந்தத் தேள் மட்டும் ஒங்ககிட்ட இல்ல போல" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எடுத்து விரித்தேன். அவர் குனிந்து குனிந்து பார்த்ததைக் கண்டு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். தேநீர் போட உள்ளே போனேன். அந்த இடைவெளியில் அவர் கைபேசியில் படம் பிடித்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து ராமாயி அக்கா அச்சகத்துக்கு வந்தார். மேசை மேல் ஒரு துணிப்பையை வைத்தார். எல்லவில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் பை. அதன் மேல் தேள். பக்கத்தில் துணியில் சுற்றிய பலகையையும் வைத்தார். பிறகு தன் கையையும் வைத்தார்.

"தேளு வெளிய வந்துருச்சி மொதலாளி. என் கையத் தூக்கிக்கிட்டு எவளோ மரக்கறி வாங்குறா."

மொதலாளி பையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இருபத்தொரு பிரதிகளையும் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். "இது நம்பர் போட்ட படம் ஒண்டும் இல்ல" என்றார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். அச்செடுத்ததை விட என்னை அதிகம் வருத்துவது அந்த வார்த்தைதான்.

"பலகை இவ்வளவு நாளும் அவங்க வீட்டுலதானே இருந்திச்சி."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

மொதலாளி துணியைப் பிரித்தார். பலகையில் விரலை ஓட்டி முகர்ந்தார். "நான் பூசின எண்ணெய் அப்படியே ஈக்கி. இதுல அதுக்குப் பொறகு யாரும் மை போடல்ல." பலகையைச் சுற்றி, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். "தவறு எங்கட கடையில நடந்தது. நான் பொறுப்பு."

அச்சகத்துச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. படம் வைத்திருந்த பத்தொன்பது பேருக்கும் தன் கையாலேயே கடிதம் எழுதினார். 'இருபத்தொன்றுதான் என்று உங்களுக்குச் சொன்னேன். இன்னொன்று இருக்கிறது. என் முத்திரையை நம்பி வாங்கினீர்கள், மன்னியுங்கள்.' அவ்வளவுதான். தபாலில் சேர்த்தவன் நான். இரண்டு பேர் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர், மொதலாளியே ரகசியமாக அடித்து விற்றிருப்பார் என்று ஊரெல்லாம் சொன்னார். மொதலாளி முத்திரையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன் பின் ஒரு படமும் செதுக்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரை ஐந்து வருடம் அவர் பக்கத்தில் நின்று கல்யாண அட்டை அடித்தேன். தினமும் வாய் வரை வரும். தினமும் விழுங்குவேன்.

போன மாதம் பெட்டியைத் திறந்து அந்தப் படம் கையில் வந்ததும், மறுநாளே ஹல்துமுல்லைக்கு பஸ் ஏறினேன்.

அக்கா தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். படத்தை அவர் மடியில் விரித்தேன். "நான்தான் எடுத்தேன் அக்கா" என்றேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். அன்னைக்கி என் மூஞ்சப் பாத்து சொன்னியே, பலகை அவங்க வீட்டுலதானேன்னு. படிச்சவன் நீ. எப்புடி தம்பி வாய் வந்திச்சி?"

பயத்தில் சொன்னேன் என்றேன்.

"நீ பயந்த. மொதலாளி பேரு போச்சி." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கடுதாசி அனுப்பினாரே, எத்தன பேருக்கு?" என்று கேட்டார்.

"பத்தொம்பது."

"அத்தன பேருக்கும் நீ எழுது. உன் பேரப் போட்டு. பொறகு மொதலாளிக்கும் ஒண்ணு. அது தபால்ல போகக் கூடாது."

பிறகுதான் படத்தைக் குனிந்து பார்த்தார். தன் கையை அதன் பக்கத்தில் வைத்தார். வயதில் தோல் சுருங்கி, வட்டம் நெளிந்து, வால் ஒரு நிழலாகிவிட்டிருந்தது. படத்தில் ஒவ்வொரு புள்ளியும் நின்றது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இதுல நல்லா இருக்கு" என்றார். "இது எனக்கு இருக்கட்டும்."

கொடுத்துவிட்டு வந்தேன். பாதை வளைவு வரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். மூன்றும் படத்துக்காகத்தான். இதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தொன்பது கடிதங்களையும் ஒரு வாரத்தில் எழுதி அனுப்பினேன். இருபதாவதை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். மொதலாளிக்கு இப்போது நடக்க முடிவதில்லை. ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். கடிதத்தை வாசித்தார். மடித்தார். மறுபடி பிரித்து வாசித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"மத்தவங்களுக்கும் எழுதினியா?"

"எழுதினேன் மொதலாளி. எல்லாருக்கும்."

"படம் எங்க?"

"ராமாயி அக்காகிட்ட குடுத்திட்டேன்."

தலையசைத்தார். வெளியே பார்த்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார்.

"எப்படி விழுந்திச்சி?"

"மொதலாளி?"

"வால். வால் எப்படி விழுந்திச்சிண்டு கேக்கிறன்."

"ஒரு புள்ளிகூட அடைக்கல மொதலாளி."

"எந்தக் கடதாசி?"

"அந்த மெல்லிய கைக்காகிதம்."

"அதையா!" என்று எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. சுவரில் இருந்த தன் இருபத்தொன்றாம் பிரதியைக் கழற்றித் தரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். "சொல்லு. கொடுக்கு இப்பிடியா இருந்திச்சி, இதவிடக் கறுப்பா?" நான் குனிந்து விரலால் காட்டினேன். கொடுக்கு, கண், கோலத்தின் நான்கு வரியும் ஒன்றுசேரும் மூலை. அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். எங்கள் இருவர் தலையும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டோம். அவர் குரல் உயர்ந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டு கிழவர்கள், அங்கே இல்லாத ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் ராஜா. பலகை அண்டைக்கித்தான் பழுத்திருந்திச்சி. இன்னொண்டு எடுத்தா எப்பிடி வருமிண்டு எனக்கும் கை துடிச்சிச்சி. அதுக்குத்தான் நேரத்தோட எழும்பிப் பள்ளிக்கிப் போனன்."

அன்று அவர் வழக்கத்தை விட அரை மணி நேரம் முந்திப் புறப்பட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.